சளி பிடித்த மூக்கோடு தங்கச் சுரங்கத்தில்

எங்கள் வீட்டுத் தறிக்குழியின் ஆழம் இரண்டரை அடி. நெய்கிறவர் விளிம்பில் உட்கார்ந்து, காலைக் குழிக்குள் விட்டு மிதிக்க வேண்டும். அந்தக் குழிக்குள் என் காலைப் பிடித்து இழுக்க யாரோ காத்திருக்கிறார்கள் என்று எட்டு வயதில் எனக்குத் திடமான நம்பிக்கை. அந்தப் பயத்தில்தான் தறியை அண்ணனுக்கு விட்டுக்கொடுத்துவிட்டுப் பள்ளிக்கூடத்தைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டேன். காஞ்சிபுரம் பிள்ளையார்பாளையத்தில் அதைப் படிப்பில் உள்ள ஆர்வம் என்று தவறாகப் புரிந்துகொண்டார்கள். நாற்பத்தொரு வயதில் அந்தப் பயம் கொஞ்சம் தணிந்திருந்த சமயம் பார்த்து, கனடா நாட்டில் இரண்டாயிரம் அடி ஆழமுள்ள ஒரு தங்கச் சுரங்கத்தைப் பார்த்துவிட்டு வா என்று ஆபீசில் உத்தரவு போட்டுவிட்டார்கள்.

என் உத்தியோகம் சென்னையில் ஒரு தாதுச் சோதனைக் கூடத்தில். கல்லை மாவாக அரைத்து, அதில் தங்கம் உண்டா என்று பார்த்துச் சொல்வோம். பெரும்பாலும் ‘இல்லை’ என்று எழுதுவோம். உண்டு என்று எழுதும் ஊர்க்காரர்கள் எப்படி வேலை செய்கிறார்கள் என்று ஆறு வாரம் பார்த்துவர என்னையும், இயந்திரங்களைப் பழுது பார்க்கும் ஏகாம்பரத்தையும் அனுப்பினார்கள். ஏகாம்பரம் எங்கள் ஊருக்குப் பக்கத்துக் கூரத்துக்காரன். விவசாயக் குடும்பம். இருபத்தெட்டு வயது. எதற்கும் பயப்படாதவன். பாம்பைக் கண்டால் நான் மரத்தில் ஏறுவேன். அவன் பாம்பு எந்தப் பக்கம் போகிறது என்று பார்க்கக் கூடவே போவான்.

புறப்பட்ட அன்று காஞ்சிபுரம் பஸ் ஸ்டாண்டுக்கு அவன் மனைவி மல்லிகா வந்திருந்தாள். ஏழு மாதம். வயிற்றைத் தாங்கிக்கொண்டு என்னைத் தனியாகக் கூப்பிட்டாள்.

“அண்ணா, இவர் எதுக்கும் பயப்பட மாட்டாரு. அதான் எனக்கு பயமா இருக்குது. நீங்க எல்லாத்துக்கும் பயப்படுவீங்கன்னு சொல்லிக்கினு இருப்பாரு. அதனாலதான் உங்கள நம்பி அனுப்புறேன். இவரு எங்கியாவது தலைய வுட்டா, சட்டையப் புடிச்சி இழுத்துடுங்க.”

என் கோழைத்தனத்துக்குக் கிடைத்த முதல் நற்சான்றிதழ் அது. ஆகட்டும்மா என்று வாக்குக் கொடுத்துவிட்டேன்.

என் மனைவி லோகாவுக்கு என்னிடம் வேறு கவலை. எனக்குப் பயம் நெஞ்சில் வருவதில்லை; வயிற்றில் வரும். கடகடவென்று உருளும், உப்பும், ஊருக்கே கேட்கும். அவள் ஒரு பழைய மூக்குப்பொடி டப்பாவில் பால் பெருங்காயத்தைக் கட்டியாக வைத்துக் கொடுத்தாள்.

“வயிறு மொணமொணன்னா ஒரு கிள்ளு வெந்நீர்ல கரைச்சிக் குடிங்க. குடிச்சதும் டப்பாவ இறுக்கி மூடுங்க. இல்லாட்டி அந்த ஊரே எழுந்து நிக்கும்” என்றாள்.

அவள் சொன்னது எதையும் நான் முழுதாகக் கேட்டதில்லை.

விமானம், வழி எல்லாவற்றையும் விட்டுவிடுகிறேன். வழி நெடுகக் கண்ணை மூடிக்கொண்டிருந்தவனுக்கு வர்ணிக்க என்ன இருக்கிறது? கண்ணைத் திறந்தது, அந்நாட்டின் வடக்கே பனிக்காட்டுக்குள் போய்க்கொண்டிருந்த ஒரு பஸ்ஸில். அதுவும் பஸ் நின்றுவிட்டதால். பனியில் வழுக்கிச் சாலையோரப் பள்ளத்தில் முன்சக்கரத்தை வைத்துவிட்டது. ஓட்டுநர் திரும்பி, வானிலை சொல்லும் குரலில், “ஐயாமார்களே, இறங்கித் தள்ளினால் இருட்டுவதற்குள் போய்விடலாம்” என்றார்.

“வாலாஜாபாத் பஸ்ஸ தள்றது போதாதுன்னு, இம்மாந்தூரம் வந்து தள்ளணுமா?” என்று சொல்லிக்கொண்டே ஏகாம்பரம் குதித்து இறங்கினான். நானும் இறங்கினேன். தென்னேரி ஏரிக்கரையில் பஸ் தள்ளியபோது முழங்கால்வரை சேறு. இங்கே முழங்கால்வரை பனி. சேறு வெதுவெதுப்பாக இருக்கும் என்பதை அன்றுதான் நன்றியோடு நினைத்தேன். அரைமணி நேரம் தள்ளினோம். பஸ் வெளியே வந்தது. எனக்குள் சளி குடியேறியது. இந்தக் கட்டுரையின் மற்ற விபரீதமெல்லாம் அந்தச் சளியிலிருந்துதான் ஆரம்பம்.

ஊரில் ஓல்கா என்ற அம்மாளின் வீட்டில் தங்கினோம். உக்ரேனிலிருந்து வந்த குடும்பம். முதல் நாள் பீட்ரூட்டில் ஒரு ரசம் வைத்தாள். தட்டைப் பார்த்ததும் யாருக்கோ அடிபட்டுவிட்டது என்று பதறினேன். அப்புறம் உருளைக்கிழங்கு வைத்த ஒரு கொழுக்கட்டை வந்தது. பிள்ளையார் பார்த்தால் குழம்பிப்போவார், ஆனால் சாப்பிடாமல் விடமாட்டார். நான் பன்னிரண்டு சாப்பிட்டேன். ஏகாம்பரம் எண்ணுவதை நிறுத்திவிட்டான்.

அதே வீட்டில் டோய்வோ என்ற பின்லாந்துக் கிழவரும் குடியிருந்தார். சுரங்கத்தில் பாறை துளைக்கிறவர். இடது கையில் இரண்டு விரல் இல்லை. மனைவி காலமாகிவிட்டாள், ஒரு மகள் தூரத்தில் எங்கோ இருக்கிறாள், பேச்சுவார்த்தை இல்லை என்று ஓல்கா காதோடு சொன்னாள்.

முதல் வாரம் முழுக்கத் தரைக்கு மேலேயே வேலை. சந்தோஷமாக இருந்திருக்க வேண்டும். ஆனால் தாது ஆலை என்பது பயந்தவனுக்கென்று அளவெடுத்துக் கட்டிய இடம். இரும்புக் குண்டுகள் உருளும் ராட்சசப் பீப்பாய் ஒன்று, எங்கள் வீட்டைவிடப் பெரிது, இரவு பகலாகக் கல்லை அரைத்துக்கொண்டே இருந்தது. அதன் சத்தத்தில் என் வயிற்றுச் சத்தம் முதன்முறையாக யாருக்கும் கேட்கவில்லை. அடுத்த கட்டிடத்தில் மண்டை ஓடு படம் போட்ட சயனைடு பீப்பாய்கள். அந்தப் பக்கம் போகும்போதெல்லாம் மூச்சைப் பிடித்துக்கொண்டு நடந்தேன். எதிரே வந்தவர்கள் நான் ஏதோ பிரார்த்தனை செய்வதாக நினைத்து வழிவிட்டார்கள்.

அங்கே ஒரு சுவரில் பழைய படங்கள் மாட்டியிருந்தார்கள். ஆரம்பத்தில் உரலும் உலக்கையும் போல இரும்பு உலக்கைகள் வரிசையாக எழும்பிக் கல்லை இடித்திருக்கின்றன. இடித்த சேற்றைப் பாதரசம் பூசிய செப்புத் தகட்டின் மேல் ஓடவிட்டால் தங்கம் ஒட்டிக்கொள்ளும். தங்கம் தகட்டில் ஒட்டியது. பாதரசம் ஆட்களின் உடம்பில் ஒட்டியது. கை நடுங்கிப்போன கிழவர்கள் அந்த ஊரில் உண்டாம். அப்புறம் சயனைடு வந்தது. அப்புறம் நுரை. அரைத்த சேற்றில் பைன் எண்ணெய் கலந்து, அடியிலிருந்து காற்றை ஊதுகிறார்கள். பட்டு நூலைச் சோப்பில் வேகவைக்கும்போது பொங்குமே, அதுபோல நுரை பொங்குகிறது. கனமான தாது நுரையைப் பற்றிக்கொண்டு மேலே மிதக்கிறது. லேசான வெறுமணல் அடியில் போகிறது. கனமானது மேலே போகும் ஒரே இடம் உலகத்தில் இதுதான். எங்கள் ஆபீசில் நேர்மாறு.

தங்கம் எடுத்த பின் மிஞ்சும் மணலை என்ன செய்கிறீர்கள் என்று கேட்டேன். தண்ணீரோடு குழாயில் சுரங்கத்துக்குள்ளேயே அனுப்பி, தோண்டிய வெற்றிடத்தை நிரப்புகிறோம் என்றார்கள். முன்பெல்லாம் மரத்தூண் கொடுத்துத் தாங்குவார்களாம். ஏகாம்பரம் பலே என்று தலையாட்டினான். நான், நாளை என் தலைக்கு மேலே இருக்கப்போகும் மலை இந்த ஈரமணலை நம்பி நிற்கிறதா என்று நினைத்து, அன்று சாயங்காலம் இரண்டு கிள்ளு பெருங்காயம் கரைத்துக் குடித்தேன். ஓல்கா ஜன்னல்களைத் திறந்துவிட்டாள்.

கீழே இறங்கும் நாளை இரண்டு முறை தள்ளிப்போட்டேன். இரண்டு முறையும் வயிற்றுவலி. பொய்யில்லை. மூன்றாவது முறை குறித்த நாளுக்கு முந்தின சாயங்காலம், சாப்பாட்டு மேசையில் டோய்வோ தைரியம் சொல்ல ஆரம்பித்தார். அவர் தைரியம் சொல்லும் விதம் அலாதி.

“அந்தக் காலத்தில் உளியைப் பிடிக்க ஒருவன், சம்மட்டி அடிக்க ஒருவன். இந்த இரண்டு விரல் அப்போது போனது. பிறகு காற்றில் ஓடும் துளைக்கருவி வந்தது. தண்ணீர் கிடையாது, வெறும் தூசி. அதற்கு விதவையாக்கி என்று பெயர். பிறகு கருவிக்குள்ளேயே தண்ணீர் விட்டார்கள். இப்போது எவ்வளவோ தேவலை.”

“கூரை இடிந்து விழாதா?” என்று கேட்டேன்.

“விழும். அதற்காகத்தான் பாறைக்குள் நீள நீளமாகப் போல்ட் அடிக்கிறோம். அது வருவதற்கு முன் என் நண்பன் ஒருவன்...” என்று ஆரம்பித்து, என் முகத்தைப் பார்த்து நிறுத்திக்கொண்டார்.

அவர் சொன்ன ஒவ்வொரு புது முறைக்கும் பின்னால் யாரோ ஒருவர் வீடு திரும்பாத கதை இருந்தது. கடைசியாக, நாற்றத்தைப் பற்றிச் சொன்னார். சுரங்கத்தில் தீப்பிடித்தால் கத்தினாலும் கேட்காது, மணி அடித்தாலும் துளைக்கும் சத்தத்தில் காதில் விழாது. அதனால் கருவிகளுக்குப் போகும் காற்றுக்குழாயிலேயே பயங்கரமாக நாறும் ஒரு திராவகத்தைக் கலந்து விடுவார்களாம். எந்த மூலையில் இருப்பவன் மூக்குக்கும் அது போய்ச் சேரும். நாற்றம் வந்ததும் எல்லாவற்றையும் போட்டுவிட்டுப் புகலிட அறைக்கு ஓட வேண்டும். கதவிடுக்கைக் களிமண்ணால் அடைக்க வேண்டும். மேலேயிருந்து சொல்லும்வரை திறக்கக்கூடாது.

“நாற்றம் தெரியவில்லை என்றால்?” என்றேன்.

“மற்றவர்களுக்கெல்லாம் தெரிந்து ஒருவனுக்கு மட்டும் தெரியவில்லை என்றால், விஷப்புகை அவன் தலைக்குள் போய்விட்டது என்று நாங்கள் சொல்வோம்” என்றார் டோய்வோ, கொழுக்கட்டையைக் குத்தி எடுத்தபடி.

மறுநாள் காலை உடை மாற்றும் கூடத்துக்குள் நுழைந்ததும் நின்றுவிட்டேன். கூரையிலிருந்து நூறு பேர் தொங்கிக்கொண்டிருந்தார்கள். கூர்ந்து பார்த்தால் சட்டையும் கால்சராயும்தான். காய்வதற்காகச் சங்கிலியில் கட்டி மேலே இழுத்திருந்தார்கள். கதவுகளைச் சாத்திவிட்டு மேலே ஒரு குழாயிலிருந்து கறுப்பாகப் பொடியை ஊதினார்கள். அலுமினியப் பொடி. கல்தூசி நுரையீரலைத் தின்னாமலிருக்க இதை இழுத்து மூச்சு வாங்க வேண்டுமாம்.

“சாம்பிராணி போடுறாங்கண்ணா, நல்லா இழு” என்றான் ஏகாம்பரம்.

நான் கைக்குட்டையால் மூக்கைப் பொத்திக்கொண்டேன். டோய்வோ சொன்னார்: “இருபது வருஷமாக இழுக்கிறேன். இருமலும் இருபது வருஷமாக இருக்கிறது.”

எங்களை அழைத்துப்போக வந்தவர் லூயி, அந்த ஷிப்டின் மேற்பார்வையாளர். பிரெஞ்சுக்காரர், குட்டையாக, விட்டுக்கொடுக்காத கணக்கு வாத்தியார் போல இருப்பார். ஒரு சின்னக் குப்பியின் மூடியைத் திறந்து ஏகாம்பரத்தின் மூக்கருகே நீட்டினார். புதிதாக இறங்குகிறவன் ஒவ்வொருவனும் அந்த அபாய நாற்றத்தை மோந்து பார்த்து மனதில் வைத்துக்கொள்ள வேண்டும் என்பது விதி.

ஏகாம்பரம் முகத்தைச் சுளித்தான். “இன்னாண்ணா இது, ஊசிப்போன சாம்பார் மாதிரி கீது!”

என் முறை வந்தது. மோந்தேன். ஒன்றுமில்லை. பஸ் தள்ளிய சளி இரண்டு மூக்கையும் களிமண் வைத்து அடைத்ததுபோல் அடைத்திருந்தது. அதைச் சொல்லியிருந்தால் லூயி அன்றைக்கு என்னை இறங்க விட்டிருக்க மாட்டார். ஆனால் இரண்டு முறை வயிற்றைக் காட்டித் தப்பியவன், மூன்றாவது முறை மூக்கைக் காட்டுவதா? கூடம் முழுக்கப் பார்த்துக்கொண்டிருந்தது. இறங்கும் பயத்தைவிடச் சிரித்துவிடுவார்களே என்ற பயம் ஒரு மாற்று கூடுதலாக இருந்தது.

“நன்றாகத் தெரிகிறது” என்றேன். ஏகாம்பரம் என்னைத் திரும்பிப் பார்த்தான். காலையிலிருந்து நான் மூக்கடைத்துப் பேசுவதை அவன் கேட்டுக்கொண்டுதானே இருந்தான்.

சுரங்கத்துக்குள் இறக்கும் இரும்புக் கூண்டில் ஸ்ரீபெரும்புதூர் பஸ்ஸைப் போல ஆட்களை அடைத்தார்கள். கண்டக்டர்தான் இல்லை, நடுவில் இறங்கவும் வழியில்லை. மணி அடித்தது. காலடியில் தரை காணாமல் போனது. காது அடைத்தது. எட்டு வயதில் குழிக்குள் காத்திருந்தவன் இத்தனை வருஷம் பொறுமையாக இருந்து கடைசியில் என் காலைப் பிடித்து இழுத்தேவிட்டான் என்று தோன்றியது.

கீழே, தலையில் கட்டிய விளக்கு எங்கே பார்க்கிறதோ அங்கே மட்டும் உலகம் இருந்தது. மற்றதெல்லாம் இருட்டு. ஓர் இடத்தில் குனிந்து, முழங்காலால் தவழ்ந்து போகவேண்டியிருந்தது. எங்கள் ஊர் கைலாசநாதர் கோயிலில் இப்படி ஒரு குறுகிய சுற்று உண்டு. தவழ்ந்து வெளியே வந்தால் மறுபிறவி இல்லை என்பார்கள். நான் பயந்து அதற்குள் நுழைந்ததே இல்லை. மறுபிறவி எடுத்தாலும் பரவாயில்லை என்று இருந்துவிட்டேன். இங்கே நுழைந்தே ஆக வேண்டியதாயிற்று.

ஒரு திருப்பத்தில் டீசல் மெக்கானிக் ஒருவன் வந்து, தண்டவாளம் இல்லாமல் ஓடிக் கல் அள்ளும் புது வண்டியைக் காட்டுகிறேன் என்று ஏகாம்பரத்தைக் கூப்பிட்டான். மல்லிகாவுக்குக் கொடுத்த வாக்கு நினைவில் குத்தியது. சட்டையைப் பிடித்தேன்.

“வுடுண்ணா. பத்து நிமிசம். கூரத்துல டிராக்டர் பாக்கப் போற மாதிரி போய்ட்டு வந்துடுறேன்” என்று உருவிக்கொண்டு போய்விட்டான்.

லூயி என்னை இன்னும் கொஞ்சம் உள்ளே அழைத்துப்போனார். ஓரிடத்தில் பெரிய காற்றாடி ஒன்று ஓடிக்கொண்டிருந்தது. அது இந்தப் பக்கத்துக் காற்றை உறிஞ்சி, ஒரு கான்வாஸ் குழாய் வழியாக நூறடி உள்ளே டோய்வோவும் இன்னொருவரும் பாறை துளைக்கும் இடத்துக்கு ஊதும். அங்கேயிருந்து வரும் துளைக்கும் சத்தம் பல்லுக்குள் கேட்டது. என் வயிறு அப்போது ஆரம்பித்தது. கொஞ்சம் உட்கார்கிறேன் என்று சைகை காட்டினேன். வெளிச்சம் இருந்ததால் காற்றாடியின் வாயருகே ஒரு பெட்டிமேல் உட்கார்ந்தேன். லூயி சற்றுத் தள்ளிக் குழாயைச் சோதித்துக்கொண்டிருந்தார். சட்டைப்பையிலிருந்து டப்பாவை எடுத்துத் திறந்து, வெந்நீருக்கு எங்கே போவது என்று, கட்டியில் ஒரு பெரிய துண்டை அப்படியே கடித்துப் பிளாஸ்க் தண்ணீரோடு விழுங்கினேன். தடித்த கையுறை. மூடியை ஒரு அழுத்து அழுத்திப் பைக்குள் போட்டேன்.

இரண்டு நிமிஷம் இருக்கும். துளைக்கும் சத்தம் நின்றது. அந்த நிசப்தம் சத்தத்தைவிட மோசமாக இருந்தது. இருட்டுக்குள் இரண்டு விளக்குகள் ஆடிக்கொண்டு ஓடிவந்தன. டோய்வோ. அறுபது வயது மனிதர் அப்படி ஓடி நான் பார்த்ததில்லை.

“நாற்றம்! நாற்றம் வந்துவிட்டது!”

லூயி மூக்கை உயர்த்தினார். முகம் மாறியது. என் தோளைப் பிடித்துத் தூக்கி, “ஓடு!” என்றார்.

ஓடினேன். ஓடிக்கொண்டே மோந்தேன். ஒன்றுமில்லை. இன்னும் ஆழமாக மோந்தேன். ஒன்றுமே இல்லை. டோய்வோ சொன்னது காதுக்குள் மணி அடித்தது. ஒருவனுக்கு மட்டும் தெரியவில்லை என்றால். ஆக, தலைக்குள் போய்விட்டது.

புகலிட அறை பாறையில் குடைந்தது. ஒரு பெஞ்சு, தண்ணீர்ப் பீப்பாய், ஒரு டெலிபோன், களிமண் பெட்டி. நான்கு பேரும் உள்ளே விழுந்ததும் லூயி கதவைச் சாத்தினார். டோய்வோவும் மற்றவரும் களிமண்ணை அள்ளி அப்பத் தொடங்கினார்கள். நானும் அப்பினேன். என் ஆயுளில் அவ்வளவு சுறுசுறுப்பாக நான் எந்த வேலையும் செய்ததில்லை.

“ஏகாம்பரம் வெளியே இருக்கிறான்” என்றேன்.

“மெக்கானிக்கோடு இருக்கிறான். அந்தப் பக்கமும் ஒரு புகலிடம் இருக்கிறது” என்று சொல்லி லூயி டெலிபோனைச் சுழற்றினார். எங்கே தீ என்று விசாரித்துச் சொல்கிறோம், அதுவரை எல்லாரையும் புகலிடத்துக்கு அனுப்புகிறோம் என்றார்களாம் மேலே இருந்தவர்கள். சிறிது நேரம் கழித்து அந்தப் புகலிடத்தைக் கூப்பிட்டார். கேட்டுவிட்டு, ரிசீவரை மெதுவாக வைத்தார்.

“மெக்கானிக் வந்துவிட்டான். உன் ஆள் அவன் கையை உதறிக்கொண்டு ஓடிவிட்டானாம்.”

“எங்கே?”

“தெரியவில்லை.”

வயிற்றைத் தாங்கிக்கொண்டு மல்லிகா என் கண்முன் வந்து நின்றாள். எழுந்தேன். என்ன செய்கிறேன் என்று தெரியாமலே கதவருகே போய், நான் அப்பிய களிமண்ணை நானே சுரண்ட ஆரம்பித்தேன். லூயி என்னைப் பின்னாலிருந்து கட்டிப்பிடித்து இழுத்துப் பெஞ்சில் உட்கார வைத்தார். “ஒருவனுக்காக நான்கு பேரா?” என்றார். கோபமாகச் சொல்லவில்லை. அதுதான் பயமாக இருந்தது.

நேரம் போனது. மற்ற மூன்று பேரும் அடிக்கடி மூக்கை உயர்த்தினார்கள். நாற்றம் குறையவில்லை, ஏறியது. லூயி சுவாசத்துக்கான காற்றுக்குழாயைத் திறந்து, அதில் முகத்தை வைத்துப் பார்த்தார். குழம்பிப்போனார்.

“விந்தையாக இருக்கிறது. குழாய்க் காற்று சுத்தம். அறைதான் நாறுகிறது. எங்கோ இடுக்கு வழியாக வருகிறது. இன்னும் அப்புங்கள்.”

இன்னும் அப்பினோம். அடைக்க அடைக்க நாற்றம் கூடியது. எனக்கு மட்டும் இன்னும் ஒன்றுமில்லை. “உனக்கு எப்படி இருக்கிறது?” என்று டோய்வோ கேட்டார். “மூக்கு வேலை செய்யவில்லை” என்றேன். அவர் என் கையை எடுத்து விரலில்லாத தன் கைக்குள் வைத்துக்கொண்டார். இதுவரை என்னிடம் அவர் காட்டிய அன்பிலேயே மிகவும் நடுக்கம் தந்தது அதுதான்.

பிறகு அவர் தன் சாப்பாட்டுப் பெட்டியின் மூடியைத் திருப்பி, பென்சிலால் அதன் உட்புறத்தில் எழுதத் தொடங்கினார். எட்டிப் பார்த்தேன். அவர் மொழியில் இருந்தது. மேலே ஒரு பெண்பெயர் மட்டும் புரிந்தது.

அப்போதுதான் கதவில் இரும்பால் தட்டும் சத்தம் கேட்டது. கணகணகணவென்று. வெளியே யாரோ கத்தினார்கள். தடித்த கதவு, அதன் மேல் ஒரு சாண் களிமண். லூயி கதவில் காதை வைத்தார்.

“உங்கள் மொழி. என்ன சொல்கிறான்?”

நானும் காதை வைத்தேன்.

“அண்ணா! உள்ள கீறியாண்ணா? உசுரோட கீறியா?”

“கீறேன்டா!” என்று கத்தினேன். “நீ ஏண்டா இங்க வந்த? தீப்புடிச்சிருக்குதுடா!”

“தீயும் இல்ல, ஒண்ணும் இல்ல! டப்பாவத் தொறந்தியாண்ணா? பெருங்காய டப்பாவ?”

என் கை தானாகச் சட்டைப்பைக்குப் போனது. டப்பா ஒரு பக்கம், மூடி ஒரு பக்கம்.

லூயி, டோய்வோ, மற்றவர் மூன்று பேரும் என்னையே பார்த்தார்கள். “என்ன சொல்கிறான்? காயமா? தீ எங்கே என்று சொல்கிறானா?”

தீயில் சாவது ஒரு வகைப் பயம். தன் மனைவி கொடுத்த பெருங்காயத்தால் ஒரு சுரங்கத்தை நிறுத்திவிட்டு, அதை அந்நிய பாஷையில் விளக்கவேண்டியது இன்னொரு வகை. பெருங்காயத்துக்கு இங்கிலீஷ் எனக்கு வரவில்லை. வந்தாலும் வாய் வந்திருக்காது. டப்பாவை எடுத்து லூயியின் கையில் கொடுத்தேன்.

அவர் மூக்கருகே கொண்டுபோனார். கண்ணில் நீர் வந்துவிட்டது. டோய்வோவிடம் நீட்டினார். டோய்வோ மோந்தார். பிறகு தன் மூடியில் எழுதியதைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார்.

“எனக்குச் சளி” என்றேன். “காலையில் குப்பி வாசனை தெரியவில்லை. பொய் சொன்னேன்.”

யாரும் சிரிக்கவில்லை. நான் எதற்குப் பயந்து பொய் சொன்னேனோ, அந்தச் சிரிப்பு வந்தால் போதும் என்று ஏங்கினேன்.

லூயி உடனே கதவைத் திறக்கவில்லை. அவர் அப்படிப்பட்டவர். மேலே கூப்பிட்டு, நாற்றம் கலக்கவில்லை என்பதைக் கேட்டு, அவர்கள் காற்றாடிகளைச் சோதித்துவிட்டு மறுபடி சொல்லும்வரை காத்திருந்தார். அத்தனை நேரமும் ஏகாம்பரம் வெளியே கதவில் சாய்ந்து உட்கார்ந்து, நான் இருக்கிறேனா என்று நிமிஷத்துக்கு ஒரு முறை தட்டிப் பார்த்துக்கொண்டிருந்தான்.

திறந்ததும் லூயி என்னிடம் சொன்னார்: “நாங்கள் ஓடியது தப்பில்லை. நாளைக்கு இதே வாசனை வந்தாலும் ஓடுவோம். ஆனால் மூக்கைப் பற்றிப் பொய் சொன்னாயே, அது தப்பு. மூக்கில்லாதவனைத் தூக்கிக்கொண்டு ஓட இங்கே ஆள் இல்லை.” பிறகு டப்பாவை இறுக்கி மூடித் தன் பையில் போட்டுக்கொண்டார். அது திரும்பி வரவில்லை. குப்பிக்குப் பக்கத்தில் அதையும் வைத்து, புதியவர்களுக்கு இரண்டையும் மோந்து காட்டுகிறார் என்று பிற்பாடு கேள்விப்பட்டேன்.

கூண்டில் மேலே வரும்போது டோய்வோ மூடியில் எழுதியதைக் கட்டைவிரலால் தேய்த்துக்கொண்டே வந்தார். முழுதாக அழியவில்லை. அன்று சாப்பாட்டில் ஓல்கா அதைப் பிடுங்கிப் பார்த்துவிட்டு, “அழிக்காதே. இதை ஒரு காகிதத்தில் எழுதி மகளுக்குத் தபாலில் போடு” என்று ஒரு அதட்டல் போட்டாள். அவர் முனகினார். மேசைமேல் காகிதம் வந்துவிட்டது.

அதற்கு முன், மேலே வரும் அந்தக் கூண்டிலேயே, என் சட்டையை யாரோ பிடித்திருந்தார்கள். ஏகாம்பரம். கூண்டின் ஆட்டத்துக்குப் பிடித்திருக்கிறான் என்றுதான் முதலில் நினைத்தேன்.

“பெருங்காயம்தான்னு உனக்கு நெசமாவே தெரிஞ்சுதா?” என்று கேட்டேன்.

“பாதி தெரிஞ்சுது.”

“மீதி?”

சட்டையை விடாமலே சொன்னான்: “அந்த மெக்கானிக்கு போன எடுத்துப் பேசிட்டு, ஓடுன்னு என்னைய இழுத்தான். ஆளுங்க எல்லாம் ஓடுறாங்க. எனக்கு உன் மூக்கு ஞாபகம் வந்துடிச்சி. எல்லாரும் ஓடிடுவாங்க, நீ மட்டும் ஒண்ணும் தெரியாம அங்கியே குந்திக்கினு இருப்பியேன்னு... அப்ப வந்துச்சுண்ணா பயம். கிட்ட வந்தப்புறம்தான் நம்ம வூட்டு வாசன தெரிஞ்சுது.” பிறகு, “ஊர்ல போய் சொல்லிடாதண்ணா” என்றான்.

மறுநாள் நான் மறுபடி இறங்கப் போனேன். பையில் டப்பா இல்லை. வயிறு வழிநெடுக உருண்டது. லூயி குப்பியை நீட்டியபோது “தெரியவில்லை” என்றேன். மேலேயே நிறுத்திவிட்டார். சளி போய், நான்காம் நாள் இறங்கினேன். அந்த நாற்றத்தை அன்றுதான் மோந்தேன். ஏகாம்பரம் சொன்னது சரி. ஊசிப்போன சாம்பார்தான்.

ஆறு வாரம் கழித்துக் காஞ்சிபுரம் பஸ் ஸ்டாண்டில் இறங்கினோம். மல்லிகா நிறைமாதம். வராதே என்று எழுதியும் வந்திருந்தாள். அவனைத் தலையிலிருந்து கால்வரை பார்த்தாள். விரல்களை எண்ணிய மாதிரிகூட இருந்தது. பிறகு என்னைத் தனியாகக் கூப்பிட்டாள்.

“பத்திரமா கூட்டிக்கினு வந்துட்டீங்கண்ணா. அங்கயும் இப்படித்தான் தலைய வுட்டாரா? ஒரு தடவையாவது பயந்தாரா?”

ஏகாம்பரம் தூரத்தில் நின்று, பஸ் நேரப் பலகையை முதன்முறை பார்ப்பவன்போல் படித்துக்கொண்டிருந்தான்.

“ஒரே ஒரு தடவம்மா” என்றேன்.

“அப்பாடா!” என்று மூச்சு விட்டாள். “அப்ப இனிமே தனியாவே அனுப்பலாம்.”

அன்றோடு என் காவல் உத்தியோகம் போயிற்று.